வெறும் மணி

"சாமி, அந்தக் கயித்த அவுத்துருவோம்," என்றார் சந்தியாகு.

சந்தியாகு, சூசையப்பர் கோயிலின் கோயில்பிள்ளை. பூசை மணி, மத்தியான மணி, துக்க மணி, எல்லாம் அவர் கைதான். வேறொரு கை அதில் பட்டதில்லை. மணிக் கயிற்றைத் தலைக்கு மேலே ஆணியில் சுற்றி வைத்திருப்பார், எக்கினால்தான் எட்டும்.

பங்குக்குப் புதிதாக வந்த இஞ்ஞாசி சாமிக்கு அவர் மகன் வயதுதான் இருக்கும். வந்த வாரமே அந்தக் கயிற்றோடு இன்னொரு கயிற்றை முடிந்து, தரைவரைக்கும் தொங்கவிட்டார்.

பூசையிலும் சொல்லிவிட்டார். "யாருக்குப் பயம் வந்தாலும் இழுங்க. சின்னப் பிள்ளையும் இழுக்கலாம். நான் வருவேன்."

அப்புறம் கேட்கணுமா. நேரங்கெட்ட நேரமெல்லாம் மணி.

மணி அடித்தால் சாமி ஓடுவார். பாதி முகத்தில் சவர நுரையோடு ஒருநாள் ஓடினார். கொட்டுகிற மழையில் ஒருநாள். போய்ப் பார்த்தால் ஈ, காக்கா இருக்காது. மணிக்கூண்டுப் படியில் பிரகாசி மட்டும் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருப்பாள்.

பிரகாசிக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. பேச்சு வராது. மனசு இன்னும் பிள்ளை மனசு. தாய் தகப்பன் இல்லாமல் கோயில் சோற்றில் வளர்ந்தவள். சாமி மூச்சு வாங்க நிற்பதைப் பார்த்தால் கைகொட்டிச் சிரிப்பாள்.

"என்னம்மா, ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுவிட்டு சாமி திரும்பிப் போவார்.

பார்க்கப் பார்க்க சந்தியாகுவுக்கு வயிறு எரிந்தது.

"எல்லாம் வெறும் மணி சாமி. புலி வருது புலி வருதுன்னு சொன்ன கதையா ஆயிரும்."

"அந்தக் கதையில கடைசியில புலி வந்துச்சா அண்ணாச்சி?"

"வந்துச்சே."

சாமி செருப்பை மாட்டிக்கொண்டார். ஆயர் வீட்டில் சாமிமார் கூட்டம், சாயங்காலம்தான் திரும்புவார்.

"நான் வர்ற வரைக்கும் மணி அடிச்சா நீங்க ஓடணும்."

"நடந்து போனா ஆகாதா சாமி?"

"ஓடணும்."

சந்தியாகு சரி என்று தலையாட்டி வைத்தார்.

மத்தியானம் சோற்றில் மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்தபோது மணி அடித்தது.

"எந்தக் கழுதையோ," என்று இன்னொரு வாய் எடுத்தார். மணி நிற்கவில்லை.

"சாமிகிட்ட கொடுத்த வாக்கு என்னாச்சு?" என்றாள் மனைவி.

முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். கைகூடக் கழுவவில்லை. முதலில் நடந்தார். பாதி வழியில், ஏனோ, ஓடினார்.

பிரகாசி கயிற்றைப் பிடித்துத் தொங்கி இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் பாட்டுக் குழுவின் சின்னப் பெண் ஒருத்தி, அவள் சேலையைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டு நின்றாள்.

எதிரே, பாட்டு அறை வாசலில் கபிரியேல் வாத்தியார். ஊரே எழுந்து நின்று கும்பிடுகிற மனுஷன். சந்தியாகுவின் மகளுக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத்தகப்பனாக நின்றவர்.

"ஒண்ணுமில்ல சந்தியாகு. இந்த லூசு வெளையாடுது. நீ வாம்மா உள்ள, பாட்டு பாதியில நிக்குதுல்ல."

கை நீண்டது. பிள்ளை இன்னும் ஒண்டினாள். பிரகாசி ஓர் எட்டு நகர்ந்து, அந்தக் கைக்கும் பிள்ளைக்கும் நடுவில் நின்றாள். கயிற்றை விடவில்லை.

அவள் வாத்தியாரைப் பார்க்கவே இல்லை. சந்தியாகுவைத்தான் பார்த்தாள்.

"எச்சிக் கையோட வந்திருக்கியே. போய்ச் சாப்பிடு. நான்தான் சொல்றேன்ல," என்றார் வாத்தியார்.

எத்தனை வருஷப் பழக்கம். போய்விடலாம் என்றுதான் சந்தியாகுவுக்கு இருந்தது, பொய் என்ன. ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகு கால் நகர மறுத்தது.

பிரகாசியின் கைக்கு மேலே தன் குழம்புக் கையை வைத்தார். இழுத்தார். ஊர் தீப்பிடித்தால் அடிக்கிற அடி.

ஊர் வந்தது.

சாயங்காலம் சாமி திரும்பியபோது போலீஸ் வாத்தியாரைக் கூட்டிப் போயிருந்தது. நடந்ததைப் பிள்ளை தன் வாயாலேயே அம்மாவிடம் சொல்லியிருந்தாள். சாமி தாயையும் பிள்ளையையும் தன் வீட்டுக்குள் உட்காரவைத்து, கூடவே இருந்தார்.

சந்தியாகு வெளியே வேப்பமரத்தடியில் ஓய்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். பிரகாசி படியில் பூக் கட்டிக்கொண்டிருந்தாள், ஒன்றுமே நடக்காததுபோல.

பிறகு அவள் எழுந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். மரத்தடியில் இருந்தவரைக் கவனிக்கவில்லை. கயிற்றை ஒரே ஒரு இழுப்பு. சட்டென்று உட்கார்ந்து பூவைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

சாமி ஓடி வந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

பிரகாசி கைகொட்டிச் சிரித்தாள்.

சந்தியாகு மரத்தடியிலிருந்து எழுந்து நின்றார். கை தானாகவே தோள் துண்டை எடுத்தது, கோயிலில் நற்கருணை முன்னால் கும்பிடும்போது எடுக்கிற மாதிரி.

"சாமி," என்றார். "இத்தன நாளா அந்த வெறும் மணியெல்லாம் அடிச்சது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

சாமி மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பினார்.

"எது அண்ணாச்சி வெறும் மணி?"