கோடி இலை போடச் சொன்ன கட்டியக்காரர்

ஆகாயம் இப்போது இருப்பதைவிட நாலு முழம் தாழ்வாகத் தொங்கிக்கொண்டிருந்த காலம் அது. உயரமான ஆட்கள் மேகத்தில் தலையை இடித்துக்கொள்வார்கள். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். மற்றவர்கள் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள்.

அந்தக் காலத்தில் கோடிக்குன்றம் என்று ஒரு நாடு. அதற்கு ஒரு மன்னர். கோடி என்ற சொல் காதில் விழுந்தால் அவருக்கு வெல்லம் தின்ற மாதிரி இருக்கும். மலையில் எத்தனை எறும்பு, ஏரியில் எத்தனை மீன், ஆற்றில் எத்தனை மணல் என்று தினமும் விடிந்ததும் யாராவது கூவிச் சொல்ல வேண்டும். கேட்டு முடித்த பிறகுதான் கஞ்சியில் வாய் வைப்பார்.

கூவுகிற வேலை தலைமைக் கட்டியக்காரர் வாரணவாசியாருடையது. வேலைக்கு அடையாளமாக அவர் கையில் ஒரு வெள்ளித்தடி. அவர் மூச்சை உள்ளே இழுத்தால் சபையின் திரைச்சீலைகள் எல்லாம் அவர் பக்கம் சாயும். வெளியே பறக்கிற காக்கை ஒன்றிரண்டு சன்னல் வழியாக உள்ளே வந்து விழும். "ஆற்று மணல்! இரண்டு, ஐந்து, சுழி, சுழி, சுழி..." என்று தொடங்குவார். மன்னர் ஒரு தூக்கம் போட்டு எழுந்தாலும் சுழி ஓடிக்கொண்டே இருக்கும். கஞ்சி ஆறி ஆடை கட்டிவிடும்.

ஒரு நாள் தெற்கேயிருந்து தூமணி என்ற பெண் சபைக்கு வந்தாள். அவளும் கட்டியம் கூறுகிறவள்தான். குரல் என்னவோ சாதாரணக் குரல்.

"எங்கே, ஆற்று மணலைச் சொல்லு பார்ப்போம்" என்றார் மன்னர்.

"இரண்டரை பெருக்கல் பத்தின் அடுக்கு இருபது."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் அரசே. இருபது பத்துகளை ஒன்றோடொன்று பெருக்கினால் பத்தின் அடுக்கு இருபது. அதில் இரண்டரை மடங்கு உங்கள் மணல். முன்னால் பத்தைத் தொடாத ஒரு சின்ன எண், பின்னால் பத்தின் அடுக்கு. எவ்வளவு பெரிய எண்ணும் இதற்குள் அடங்கிவிடும்."

"அப்படியானால் கஞ்சி?"

"சூடாகவே இருக்கிறது, குடியுங்கள்."

மன்னர் வாழ்நாளில் முதல் தடவையாக நாக்கைச் சுட்டுக்கொண்டார். அந்த மகிழ்ச்சியில் சிம்மாசனத்தின் இடப்பக்கத்தில் அவளுக்கு நிற்க இடம் கொடுத்தார்.

வலப்பக்கம் நின்ற வாரணவாசியாருக்கு வயிறு பற்றிக்கொண்டது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. அன்று அவர் மனைவி கோமளை அடுப்பே மூட்டவில்லை. அவரைப் படுக்கவைத்து, வயிற்றின் மேல் வாணலியை ஏற்றி அப்பளம் பொரித்தாள். மறுநாள் அதே இடத்தில் ஈரத்துணி உலர்த்தினாள். அதற்கடுத்த நாள் அவளுக்கே பாவமாகிவிட்டது.

"ஏங்க, இப்படி வேகறதுக்கு அந்தப் பொண்ணுகிட்டயே போய்க் கேட்டா என்ன? சாயங்காலம் குளத்துப் படித்துறையில உட்கார்ந்து, வர்றவங்களுக்கெல்லாம் சொல்லித் தர்றாளாமே."

"நானா? அவகிட்டயா? என் தொண்டைக்கு ஆன வயசுகூட அவளுக்கு ஆகலை!"

"சரி, வெள்ளித்தடி அவ கைக்குப் போன அன்னிக்கு என்கிட்ட வந்து அழாதீங்க."

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. வாய்விட்டுக் கேட்கவும் கூடாது, தெரியாமல் இருக்கவும் கூடாது. அப்படிப்பட்டவருக்கு ஒரே வழி, ஒளிந்திருந்து கேட்பது.

முதல் நாள் படித்துறை ஓரத்துத் தாழம்புதருக்குள் புகுந்துகொண்டார். முள் கிழித்தது, பல்லைக் கடித்துக்கொண்டார். தூமணி சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஆயிரம் வலை, வலைக்குப் பத்தாயிரம் மீன். ஆயிரம் என்பது பத்தின் அடுக்கு மூன்று. பத்தாயிரம் என்பது பத்தின் அடுக்கு நான்கு. இரண்டையும் பெருக்க, அடுக்குகளைக் கூட்டுங்கள். மூன்றும் நான்கும் ஏழு. பத்தின் அடுக்கு ஏழு என்றால் ஒரு கோடி மீன்!"

"அடடா, என்ன மூளை இந்தப் பொண்ணுக்கு!" என்றார் மடைப்பள்ளித் தலைவர் மருதப்பர்.

அந்தப் புகழ்ச்சி வாரணவாசியாருக்குக் காய்ச்சிய எண்ணெயாக இருந்தது. சட்டென்று இரண்டு விரலையும் காதுக்குள் விட்டு அடைத்துக்கொண்டார். தூமணி மேலும் ஏதோ சொன்னாள்; உதடு அசைவது தெரிந்தது. கூட்டம் கலையும்வரை அவர் விரலை எடுக்கவில்லை.

இரண்டாம் நாள் படித்துறையில் கவிழ்த்துவைத்த அண்டாவுக்குள் குந்தியிருந்தார். "கோடி மீனை ஆயிரம் வீட்டுக்குப் பங்கிட்டால் அடுக்குகளைக் கழியுங்கள். ஏழில் மூன்று போனால் நான்கு. வீட்டுக்குப் பத்தாயிரம்" என்றாள் தூமணி. "பலே!" என்றது கூட்டம். விரல் காதுக்குள் போயிற்று.

மூன்றாம் நாள் கழுத்தளவு தண்ணீரில், தலைமேல் தாமரை இலையோடு நின்றார். வயிற்றுச் சூட்டில் குளம் வெதுவெதுப்பாகி, அன்று குளிக்க வந்தவர்களுக்கெல்லாம் சந்தோஷம்.

"அடுக்கு சுழி ஆயிட்டா ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தமா?" என்று கேட்டார் மருதப்பர்.

"ஆயிரம் மீனை ஆயிரம் வீட்டுக்குக் கொடுங்களேன். மூன்றில் மூன்று போய் அடுக்கு சுழி. ஆனாலும் வீட்டுக்கு ஒரு மீன் கிடைக்கிறதே! பத்தின் அடுக்கு சுழி என்றால் ஒன்று."

"இவளைப் பெத்தவ மகராசி!" என்றது கூட்டம். விரல் காதுக்குள். ஒரு கெண்டை வந்து அவர் தொப்புளைக் கடித்தது. அப்போதும் விரல் வெளியே வரவில்லை.

வீட்டுக்கு வந்து, "எல்லாத்தையும் கத்துக்கிட்டேன்" என்றார் கோமளையிடம்.

கொஞ்ச நாளில் மன்னர் மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீட்டுத் தூதன் சபையில் வந்து சொன்னான்: "எங்கள் பக்கத்து விருந்தாளிகள் பத்தின் அடுக்கு மூன்று."

"நம் பக்கம் பத்தின் அடுக்கு நான்கு" என்றார் மன்னர். "மொத்தம் எத்தனை இலை போட வேண்டும்? சரியாகச் சொல்கிறவருக்கே இனி வெள்ளித்தடி."

தூமணி வாயைத் திறக்குமுன் வாரணவாசியார் குதித்தார். "மூன்றும் நான்கும் ஏழு! பத்தின் அடுக்கு ஏழு! ஒரு கோடி இலை, அரசே!"

கோடி! மன்னருக்குக் கண் மூடிக்கொண்டது, அவ்வளவு தித்திப்பு.

"அரசே, இது பெருக்கல் இல்லை, இரண்டு கூட்டத்தை ஒன்று..." என்று தூமணி தொடங்கினாள்.

"நம் வீட்டுக் கல்யாணத்துக்குக் கோடி பேர் வருவதில் இவளுக்கு என்ன எரிச்சல், பாருங்கள்!" என்று இடிபோல் முழங்கினார் வாரணவாசியார். அந்த முழக்கத்தில் அவள் குரல் அமுங்கிப்போயிற்று. தடி அவர் கையிலேயே தங்கியது.

மடைப்பள்ளிக்குக் கட்டளை போனது. எத்தனை இலை என்று மட்டும் போனது. அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று போகவில்லை. நாட்டு வாழைத்தோப்பெல்லாம் மொட்டையாயிற்று. ரசத்துக்கு ஒரு ஏரியை இறைத்தார்கள். கடுகு வெடித்த சத்தம் கேட்டு மூன்று நாட்டு மன்னர்கள் படையெடுப்பு என்று கோட்டைக் கதவைச் சாத்தினார்கள். களஞ்சியத்தில் ஒரு வருஷத்துக்கென்று இருந்த நெல் அத்தனையும் சோறாகிவிட்டது.

திருமண நாள். விருந்தாளிகள் வந்தார்கள், உண்டார்கள், ஏப்பம் விட்டார்கள். வாரணவாசியார் கோபுரத்தில் ஏறி, "அடுத்த பந்தி!" என்று கூவினார். யாரும் வரவில்லை. மறுபடி கூவினார். யாரும் வரவில்லை. மூன்றாம் முறை ஒரு நாய் வந்தது. அதுவும் ஏற்கெனவே சாப்பிட்ட நாய்தான்.

சோறு மலைபோல் கிடந்தது. மன்னர் முகம் கறுத்தது. "வந்தது பதினோராயிரம் பேர். எங்கே ஐயா என் கோடி?"

"தவறு என்னுடையது இல்லை! அடுக்கைக் கூட்டச் சொன்னது அவள்தான்!" என்று தூமணியைக் காட்டினார் வாரணவாசியார்.

மருதப்பருக்குப் பொறுக்கவில்லை. கரண்டியோடு முன்னால் வந்தார். "அரசே, நான் கேட்டவன். பெருக்கும்போதுதான் அடுக்கைக் கூட்டணும், ஒரு கூட்டத்தோட இன்னொரு கூட்டத்தைச் சேர்க்கும்போது கூடவே கூடாதுன்னு மூணு நாளும் சொன்னாங்க."

"பொய்! மூன்று நாளும் நானும் அங்கேதானே இருந்தேன், அப்படி ஒரு வார்த்தை என் காதில்..." வாரணவாசியார் அத்தோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

"அங்கே என்றால் எங்கே?" என்றார் மன்னர்.

"குளத்தில். தாமரை இலைக்கு அடியில்."

"காதில் தண்ணீர் போயிற்றோ?"

"இல்லை அரசே... விரல் போயிற்று. அவளைப் புகழ்ந்தார்கள். கேட்க முடியவில்லை."

சபை சிரித்தது. மன்னர் சிரிக்கவில்லை. தடியை வாங்கித் தூமணி கையில் கொடுத்தார். "உமக்குக் குரல் இருக்கிறது அல்லவா? சோறு ஊசிப்போகுமுன் சாப்பிட ஆளைக் கூப்பிடும்."

வாரணவாசியார் கோபுரத்தில் நின்று எட்டுத் திசைக்கும் கூவினார். அண்டை நாட்டுக்காரர்கள் வந்தார்கள், ஆடுமாடுகள் வந்தன, எறும்புகள் மலையை விட்டுச் சாரிசாரியாக இறங்கி வந்தன. கடைசிப் பருக்கையும் தீர்ந்தது. அவர் குரலும் அத்தோடு தீர்ந்தது. அந்த வருஷம் கோடிக்குன்றத்தில் மன்னர் முதல் எல்லாரும் கீரை தின்றார்கள்.

ஒரு சாயங்காலம் வாரணவாசியார் எல்லாரும் பார்க்க நடந்துபோய்ப் படித்துறையில் உட்கார்ந்தார். வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. தூமணி, "என்னங்க ஐயா?" என்றாள். மறுபடி முயன்றார். அவள் எழுந்து கிட்டே வந்து குனிந்தாள்.

"அம்மா... சேர்க்கிறதுக்கு என்ன வழி?"

"முதலில் இரண்டுக்கும் அடுக்கை ஒன்றாக்கிக்கொள்ளுங்கள், ஐயா. ஆயிரம் என்பது பத்தாயிரத்தில் பத்தில் ஒரு பங்கு. ஒன்றோடு அந்தப் பங்கைச் சேர்த்தால் ஒன்று புள்ளி ஒன்று. அதைப் பத்தின் அடுக்கு நான்கால் பெருக்குங்கள். பதினோராயிரம்."

அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அவ்வளவு பெரிய மனிதர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, அவருக்குக் குரல் போன பிறகுதான் வந்தது.

ஆகவே கேளுங்கள்: பொறாமையோடு கற்கிறவனுக்குப் பாதிப் பாடம்தான் கிடைக்கும், அந்தப் பாதி ஒன்றுமே தெரியாமல் இருப்பதைவிட அதிகக் கேடு செய்யும்.