எந்த ஊர் நாக்கு?

வட இங்கிலாந்தில், மலையடிவாரத்துச் சந்தை நகர் ஒன்றில், பெரில் என்ற பெண்மணியின் வாயில் ஒரு நாக்கு வசித்து வந்தது. பெரில் சந்தைக் கட்டடத்துக்குள் சீஸ் கடை வைத்திருந்தாள். நாற்பத்தொரு வருடமாக அந்த நாக்கு கடைக்கு வந்த எல்லோரையும், ஆண், பெண், பாதிரியார் என்ற பேதமில்லாமல், 'லவ்' என்றே அழைத்து வந்தது. அது அந்த வட்டாரத்து மரியாதை. காதலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மற்றவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு விதமாக இழுத்துப் பேசுகிறார்கள், தான் மட்டும் சும்மா பேசுகிறோம் என்பது அந்த நாக்கின் எண்ணம். லண்டன்காரர்கள் மென்று துப்புவார்கள், அயர்லாந்துக்காரர்கள் பாடுவார்கள். தனக்கு அப்படி எதுவும் கிடையாது. இந்த எண்ணம் இல்லாத நாக்கு உலகத்தில் எங்கும் இருந்ததாகத் தகவல் இல்லை. இலக்கணம் எழுதியவர்களுடையதும் சேர்த்துத்தான்.

ஒரு மார்ச் மாதக் காலை, கடையைத் திறக்கும்போது பெரில் கீழே விழுந்தாள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்றில் அடைப்பு. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் நாக்கு மரக்கட்டையாகக் கிடந்தது. நான்காவது வாரம், திங்கட்கிழமை, அது மெல்லப் புரண்டு, "தண்ணி கொடு, லவ்" என்றது.

சொற்கள் அவளுடையவைதான். ஓசை வேறு யாருடையதோ.

"யாரது உள்ளே?" என்று மேல்வரிசைப் பற்கள் பதறின. கீழ்வரிசை கட்டுப்பல், வெளியிலிருந்து வந்தது. அது மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை.

"நான்தான்," என்றது நாக்கு.

"நீ இல்லை," என்றது பெரிலின் காது. "எழுபது வருஷமா பக்கத்து வீட்டுல இருக்கேன். எனக்குத் தெரியாதா?"

மருத்துவர் வந்து சோதித்தார். பக்கவாதத்துக்குப் பிறகு உச்சரிப்பு இப்படி மாறுவது அபூர்வமாக நடப்பதுண்டு என்றார். "நாக்கு தன் இடத்துக்குப் போய்ச்சேர நொடியில் நூறில் சில பங்கு பிந்துகிறது. வேறொன்றுமில்லை. கேட்கிறவர்கள்தான் அதற்கு ஒரு நாட்டைக் கொடுத்துவிடுகிறார்கள்."

நாக்கு திகைத்துப்போயிற்று. பிறந்த தெரு, பள்ளிக்கூடம், சந்தை, அம்மா, அம்மாவைப் பெற்றவள், இவர்கள் எல்லோருமா இத்தனை காலம் கண்ணிமைப்பில் பாதிகூட இல்லாத இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்?

நாடுகள் வரத் தொடங்கின. தரை துடைப்பவர் போலந்து என்றார். எக்ஸ்ரே எடுப்பவர் பிரான்ஸ் என்று பந்தயமே கட்டினார். அடுத்த கட்டில் அம்மாள் நேராகவே விசாரித்தாள்.

"எந்த ஊரு, லவ்?"

"இந்த ஊர்தான்."

"அது சரி. நிஜமா எந்த ஊரு?"

"மணிக்கூண்டுத் தெரு. சர்ச்சுக்குப் பின்னால."

"பாவம்," என்றாள் அவள், தன் மகளிடம் திரும்பி. "என்ன நல்லா இங்கிலீஷ் பேசுறா!"

எல்லாவற்றையும்விட மோசம் தங்கை ஐவி. வெளிநாட்டாருக்கு இங்கிலீஷ் புரியாவிட்டால் அதையே இரண்டு மடங்கு சத்தமாக, பாதி வேகத்தில் சொன்னால் புரிந்துவிடும் என்பது இங்கிலாந்துக்காரர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. கூடப் பிறந்தவளின் கட்டிலருகே நின்று ஐவி கத்தினாள்: "உனக்கு... டீ... வேணுமா? டீ!" கையால் கோப்பை வேறு பிடித்துக் காட்டினாள்.

"ஐவி, எனக்குப் பக்கவாதம்தான் வந்தது. கடல் கடந்து வரலை."

ஐவி இன்னும் சத்தமாக, "பால்... சேர்க்கவா?" என்றாள்.

இதையெல்லாம் நாக்கு பொறுத்துக்கொண்டது. அது பயந்தது ஒரே ஒருவருக்கு. பெரிலின் கணவர் வில்ஃபுக்கு இருபது வருடமாகப் பார்வை இல்லை. அவருக்கு மனைவி என்றால் குரல்தான். முகம், நரை, புது உடுப்பு எல்லாமே அதற்குள் அடக்கம். முதல் மூன்று வாரமும் அவர் தினமும் வந்து பேச்சில்லாத பெரிலின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு சளி பிடித்ததால் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. இன்று பிற்பகல் வருகிறார். 'யாரம்மா நீ?' என்று அவரும் கேட்டுவிட்டால் பெரில் என்று ஒருத்தி மிச்சம் இருப்பாளா?

பகல் மருந்தோடு விஜிலா வந்தாள். மார்த்தாண்டத்திலிருந்து வந்து ஏழு வருடமாக அங்கே நர்ஸ். அவள் பெரிலோடு கத்தாமல், சாதாரண வேகத்தில்தான் பேசுவாள். அவள் மாத்திரையை எண்ணிக்கொண்டிருந்தபோது, இரண்டு நாக்குகளும் பேசிக்கொண்டன.

"என்ன, இப்படி முடங்கிட்டியளே?" என்றது விஜிலாவின் நாக்கு.

"தினமும் எந்த ஊருன்னு கேக்கறாங்க."

"நாலு நாளுக்கே இப்படியா? எனக்கு ஏழு வருஷமாக்கும். ஊருக்குப் போனா அங்க உள்ளவங்க, நீ என்ன வெள்ளைக்காரி மாதிரி பேசுதன்னு சிரிக்கிதாங்க. இங்க வந்தா இவங்க."

"அப்ப நீ யாரு?"

"இந்த வார்டுல பன்னிரண்டாம் கட்டிலுக்கு ஊசி போட வந்தவ," என்று சிரித்தது அது. பிறகு குரலைத் தாழ்த்தியது. "மூணு வருஷம் பிரசவ வார்டுல இருந்தேன், கேட்டியளா. பிறந்து மூணு நாள் ஆன பிள்ளைய கவனிச்சிருக்கேன். கண்ணு சரியாத் தெரியாது. பாலு எந்தப் பக்கம்னு தெரியாது. ஆனா அழுகை இருக்கே, அது தாயோட பேச்சு ஏறி இறங்குத மாதிரியே ஏறி இறங்கும். வயித்துக்குள்ள இருட்டுல கிடந்து கேட்டதாக்கும். நம்ம யாரும் பேசப் படிச்சது வாயால இல்ல. கேட்டுக் கேட்டு."

பெரிலின் நாக்கு எழுபது வருடமாகத் தன்னை ஒரு பேச்சாளி என்றே நினைத்திருந்தது. வெளிச்சத்தைப் பார்க்கும் முன்பே, பெயர் வைக்கும் முன்பே, அது எங்கோ இருட்டில் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறது. அந்த இருட்டின் ஆழத்தை எட்டிப் பார்த்ததும் அதற்கு மயிர்க்கூச்செறிந்தது. நாக்குக்கு மயிர் ஏது என்று கேட்பவர்கள் சுவைமொட்டு என்று திருத்தி வாசிக்கலாம்.

மூன்று மணிக்கு வில்ஃப் வந்தார். ஐவி அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு டீ வாங்கப் போனாள். பேசுவதே இல்லை என்று நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வில்ஃப் கையைத் தேடிப் பிடித்தார்.

"பேச்சு வந்துடுச்சாம். கொஞ்சம் மாறியிருக்குன்னு ஐவி சொன்னா," என்றார். அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "சரி, மெதுவா வரட்டும். நேத்து கடையைத் திறந்தோம். நல்ல கூட்டம். ஐவிதான் வெட்டினா."

நாக்கு இன்னும் அழுத்தி ஒட்டிக்கொண்டது.

"ஒரே கம்பியை வச்சே எல்லாத்தையும் வெட்டிட்டா. கெட்டிக்காரி."

நாக்கு துடித்தது. சீஸை மெல்லிய கம்பியால்தான் அறுப்பார்கள். நீலப் பூஞ்சை சீஸுக்குத் தனிக் கம்பி, வெள்ளை சீஸுக்குத் தனிக் கம்பி. நாற்பத்தொரு வருடத்தில் ஒருநாளும் மாறியதில்லை. மாறினால் பூஞ்சை தொற்றி வெள்ளை சீஸ் முழுக்கக் கெட்டுப்போகும்.

"நீலத்தை வெட்டின கம்பியாலயா?" என்று அது வெடித்தது. "நீ பக்கத்துல உக்காந்து என்ன பண்ணின? மூக்கு எங்க போச்சு? கண்ணுதானே இல்லை!"

போலந்தோ, பிரான்ஸோ, ஏதோ ஒரு நாடு வார்டு முழுக்க எதிரொலித்தது. நாக்கு உறைந்துபோயிற்று. சொன்னதைத் திரும்ப விழுங்க முடியாது.

வில்ஃபின் காது, இருபது வருடமாகக் கண் வேலையும் சேர்த்துப் பார்க்கும் பெரிய காது, அசையாமல் இருந்தது.

"எனக்குச் சளி," என்றார் வில்ஃப், கத்தாமல், வேகத்தைக் குறைக்காமல். "மூக்கடைப்புல நீலம் எது வெள்ளை எதுன்னு எப்படித் தெரியும்? அதுவும் உன் தங்கச்சி நான் சொன்னா கேப்பாளா?"

"நீ சொல்லியே இருக்க மாட்ட."

"சொல்லலைதான்." அவர் முகம் மெல்ல விரிந்தது. "அது சரி, நீ பேசறியே, அந்த ஊர்ல சீஸை எதால வெட்டுவாங்க?"

"வாயாடிப் புருஷன் நாக்கால," என்றாள் பெரில்.

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "இன்னும் பேசு, லவ்," என்றார். "நிறுத்தாதே."

நாக்கு பேசியது. பிந்திப் பிந்தி, புதிதாகப் பேசியது. வில்ஃபின் காது கட்டிலை நோக்கி ஓர் அங்குலம் சாய்ந்தது. நன்றாகத் தெரிந்த குரலுக்கு யாரும் சாய வேண்டியதில்லை. அவளுக்காக அது சாய்ந்தது இது இரண்டாவது தடவை. முதல் தடவை, நாற்பத்தாறு வருடத்துக்கு முன், ஒரு நடன அரங்கின் இரைச்சலில் "உன் பேர் என்ன?" என்று கேட்டுவிட்டு அவர் காத்திருந்தபோது.