வீராயிக்கு ஒரு முகம்

குருவைப்போல் இரண்டு மடங்கு வயது சீடருக்கு. அதனால் முதல் நாளே பஞ்சாயத்து வந்தது.

"ஆன்ட்டி, பேனாவை இவ்வளவு அழுத்தாதீங்க" என்றாள் குரு.

"ஆன்ட்டி கீன்ட்டின்னு கூப்பிடாதே. எங்க சங்கத்துல எல்லாரும் தோழர்தான்."

"சரி தோழர். பேனாவை அழுத்தாதீங்க."

குருவின் பெயர் ஜெனிட்டா. திண்டுக்கல்லில் ஒரு பிளெக்ஸ் கடையின் மாடியில் உட்கார்ந்து, செத்துப்போனவர்களுக்குப் படம் செய்து தருபவள். போட்டோ இருந்தால் அதைத் துலக்கித் தருவாள். இல்லாவிட்டால் சொந்தக்காரர்களைப் பேசவிட்டு, கேட்டுக்கொண்டே ரஃப் ஸ்கெட்ச் போடுவாள். பிறகு அதைக் கம்ப்யூட்டரில் கொஞ்சம் கொஞ்சமாக முகமாக்குவாள். பேனா ஓடுவது மேசையில் கிடக்கும் பலகையில். கோடு விழுவது எதிரே உள்ள திரையில்.

சீடர் வசுமதி, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு படம் கற்றுக்கொள்ள வந்தவர். தொழிற்சங்க மேடைகளில் பேசிப் பேசி அவர் நெற்றியில் நிரந்தரமாக ஒரு மடிப்பு விழுந்திருந்தது. கற்றுக்கொண்டதைவிட வாதாடியதுதான் அதிகம்.

அன்று அவர் கேட்டார்: "ரஃப் ஸ்கெட்ச் எப்போ படமா முடியுது, ஜெனி? முடிஞ்சுதுன்னு எதை வெச்சுச் சொல்ற?"

கீழே கடையில் பிளெக்ஸ் அச்சடிக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. யாருடைய நெற்றியோ பட்டை பட்டையாக வெளியே வந்துகொண்டிருக்கும் சத்தம். படியேறி இரண்டு பேர் வந்தார்கள்.

செல்வமீனா என்ற பெண்ணும், அவளுடைய பெரியம்மாவும். செல்வமீனாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். தாலி கட்டும் முன்னால் அம்மா வீராயியின் படத்தைக் கும்பிட வேண்டும். படம்தான் இல்லை.

"ஒண்ணுகூடவா இல்ல?" என்று கேட்டார் வசுமதி.

"அம்மா செத்தப்ப நான் ரொம்பச் சின்னப் பிள்ளை. போட்டோவைப் பாத்துப் பாத்து அழுதேனாம். அஸ்தி கரைக்கப் போனப்ப அப்பா எல்லா போட்டோவையும் சேர்த்து ஆத்துல விட்டுட்டார்."

"அது எப்படி விடலாம்? ஒரு மனுஷியோட முகத்தை ஆத்துல விட அவருக்கு யாரு அதிகாரம் குடுத்தது?"

"தோழர்" என்றாள் ஜெனிட்டா.

ஜெனிட்டா பேனாவை எடுத்துக்கொண்டு பெரியம்மாவைப் பார்த்தாள். "உங்க தங்கச்சி எப்படி இருப்பாங்க?"

"லட்சணமா இருப்பா."

"மூக்கு?"

"எங்க வீட்டு மூக்கு."

"உங்க மூக்கு மாதிரியா?"

"எனக்கு எங்கப்பா மூக்கு. அவளுக்கு எங்க வீட்டு மூக்கு."

ஜெனிட்டா தலையாட்டி ஏதோ கோடு போட்டாள். செல்வமீனா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "கொஞ்சம் வயசாக்கிப் போடுங்க மேடம். செத்தப்ப அம்மாவுக்கு என்னைவிட வயசு கம்மி. அப்படியே போட்டா, தங்கச்சியைக் கும்பிடற மாதிரி இருக்கும்."

"உங்களுக்கு எதாவது ஞாபகம் இருக்கா?"

"ஒண்ணும் இல்ல. நீங்க எந்த முகத்தைக் குடுத்தாலும் அதுதான் இனி எனக்கு அம்மா."

அவர்கள் போன பிறகு ஜெனிட்டா எழுந்து நாற்காலியை வசுமதி பக்கம் தள்ளினாள். திரையில் ஒரு முட்டை வடிவம், மூக்குக்கு ஒரு கோடு, கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நிழல். அவ்வளவுதான்.

"இதை நீங்க முடிங்க."

"நானா? நான் இன்னும் ஒரு படம்கூட ஒழுங்கா முடிச்சதில்லயே."

"கண்ணுலேர்ந்து ஆரம்பிக்காதீங்க. அப்பப்ப படத்தைத் திருப்பிப் பாருங்க. இந்தப் பொத்தானை அமுக்கினா இடது வலதாயிடும். பாத்துப் பழகிப்போன தப்பு அப்பதான் தெரியும்."

"அந்தம்மாவை ஏற்கெனவே ஒருத்தர் ஆத்துல போட்டாச்சு. நான் வேற திருப்பித் திருப்பிப் போடணுமா?"

வசுமதி கண்ணிலிருந்து ஆரம்பித்தார். திருப்பியும் பார்க்கவில்லை.

முதலில் இடது கண் வந்தது. சுற்றிலும் முகமே இல்லாமல், அது மட்டும் திரையில் திறந்திருந்தது. வசுமதி டீ குடிக்கப் போனாலும் அது அவரைப் பார்த்தது. நாற்காலியை நகர்த்திப் போட்டார். அப்போதும் பார்த்தது. சரி, முகம் வந்துவிட்டால் சரியாகிவிடும் என்று வேகமாகப் போட்டார். வலது கண். மூக்கு. இறுகிய உதடு.

போடப்போட அவருக்குக் கோபம் ஏறியது. வீராயிக்காக ஏறிய கோபம். ஒரு பெண் இருந்தாள் என்பதற்குச் சாட்சி ஒரு பெரியம்மாவின் மூக்குக் கணக்குதானா? இது என்ன நியாயம்? அந்தக் கேள்வியோடேயே நெற்றியைப் போட்டார்.

மறுநாள் காலை திரையைத் திறந்தபோது நெற்றியில் ஒரு மடிப்பு இருந்தது.

"நீ எதாவது தொட்டியா, ஜெனி?"

"இல்லையே."

"இந்த மடிப்பை நான் போட்ட மாதிரி ஞாபகமே இல்ல."

"அழிச்சிடுங்க."

"வேண்டாம். பொருத்தமாத்தான் இருக்கு." வசுமதி குரலைத் தாழ்த்தினார். "சொன்னா சிரிப்ப. நான் சாமி பூதம் எதையும் நம்பறவ இல்ல. ஆனா பாத்துட்டே உட்கார்ந்திருந்தா அவளே வர்றா. இங்க தொடு, இங்க தொடுன்னு சொல்றா."

ஜெனிட்டா சிரிக்கவில்லை. "யாரு வர்றா?"

"வீராயிதான்."

"உங்களுக்கு வீராயியைத் தெரியுமா?"

"இப்ப தெரியும்."

"திருப்பிப் பாத்தீங்களா?"

"எதுக்கு? நல்லாத்தானே இருக்கு."

செல்வமீனாவை வரச்சொன்ன நாள் வந்தது. வெயில் ஜன்னல் வழியாக மேசைவரை விழுந்திருந்தது. படம் தயாராக இருந்தது. ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண், நரைத்த வகிடு, நேர்ப்பார்வை. பக்கத்தில் போனால் ஏதோ கேட்டுவிடுவாள் போலிருந்தது.

"எப்படி?" என்றார் வசுமதி.

ஜெனிட்டா குனிந்து அந்தப் பொத்தானை அமுக்கினாள். படம் திரும்பியது.

வசுமதியின் கை பேனாவோடு நின்றுவிட்டது. திரும்பிய முகத்தை அவருக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். எங்கே பார்த்தோம் என்று யோசித்தார். வேறெங்கும் இல்லை, இன்று காலை பல் தேய்க்கும்போதுதான் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கீழே இயந்திரம் பாதி முகத்தில் நின்றது. மின்விசிறி தளர்ந்து ஓய்ந்தது. திரை கறுத்தது.

முகம் மட்டும் போகவில்லை. கறுத்த கண்ணாடியில், அதே இடத்தில், அதே அளவில், அதே மடிப்போடு இருந்தது. வசுமதி மூச்சை அடக்கிக்கொண்டு தலையை லேசாகச் சாய்த்தார். அதுவும் சாய்ந்தது.

"ஜெனி."

"ம்."

"இது எப்போலேர்ந்து?"

"முதல் கண்ணுலேர்ந்து."

"தெரிஞ்சும் சொல்லாம இருந்தியா?"

"திருப்பிப் பாருங்கன்னு சொல்லிட்டேதான் இருந்தேன்."

கரண்ட் வந்தது. கம்ப்யூட்டர் மறுபடி ஏறிப் படம் திறந்த நேரத்தில் செல்வமீனா படியேறி வந்துவிட்டாள். தனியாகத்தான் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவள் திரையைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"அம்மா" என்றாள்.

வசுமதி நாற்காலியில் ஒடுங்கினார்.

"மேடம், எனக்கு ஞாபகம் வருது" என்றாள் செல்வமீனா. "இந்த நெத்தி மடிப்பு. நான் மண்ணைத் தின்னா, இப்படித்தான் பாப்பாங்க. கடவுளே, எல்லாம் ஞாபகம் வருது. இந்தக் கண்ணுதான்." அவள் கை தானாகக் குவிந்தது.

வசுமதி ஜெனிட்டாவைப் பார்த்தார். ஜெனிட்டா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பாற்றுவாள் என்று தோன்றவில்லை.

"செல்வமீனா" என்றார் வசுமதி. "அது உங்கம்மா இல்ல. நான்."

"என்ன மேடம்?"

"என்னை அறியாம என் முகத்தைப் போட்டுட்டேன். இங்க பாரு. கண்ணைப் பாரு. மடிப்பைப் பாரு."

செல்வமீனா அவரைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். குவிந்த கை பிரியவில்லை. கும்பிட்டபடியே வசுமதியை வெறித்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் வசுமதி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஏன் சொன்னீங்க?" என்றாள் அவள். "ஒரு நிமிஷமாவது எனக்கு அம்மா இருந்தாங்க."

"பொய்யைக் கும்பிடச் சொல்றியா?"

"கும்பிடப்போறது நான். உங்களுக்கு என்ன?"

வசுமதி பேனாவை மேசையில் வைத்தார்.

"அப்பா ஆத்துல விட்டார். நீங்க கண்ணு முன்னாடி காட்டிட்டுப் பிடுங்கறீங்க. அப்பாவே தேவல."

அவள் செருப்பை நோக்கித் திரும்பினாள். ஜெனிட்டா அப்போதுதான் பேசினாள்.

"ஒரு நிமிஷம். தோழர் முகத்தைப் பாருங்க. இதுல எது உங்கம்மா இல்ல?"

"எனக்குத்தான் எதுவும் ஞாபகம் இல்லன்னு சொன்னேனே. வந்ததும் பொய்னு ஆயிடுச்சு."

"எது உங்கம்மான்னு கேக்கல. எது இல்லன்னு கேக்கறேன்."

செல்வமீனா தயங்கினாள். வசுமதியின் முன்னால் வந்து நின்றாள். உற்றுப் பார்த்தாள். "இங்கேர்ந்து பாத்தா தெரியல" என்றாள். யாரும் சொல்லாமலே தரையில் உட்கார்ந்தாள். பிறகு இன்னும் சரிந்து, வசுமதியின் மடியில் தலையை வைத்து மேலே பார்த்தாள்.

வசுமதி அசையாமல் இருந்தார். மடியில் அந்தத் தலை ஒரு குழந்தையின் தலை அளவுக்குத்தான் கனத்தது. அது அவருக்குப் பயமாக இருந்தது.

ஜெனிட்டா திரையில் எரேசரைத் தேர்ந்தெடுத்து, பேனாவை வசுமதி கையில் கொடுத்தாள். "இப்ப இது வரையாது. அழிக்க மட்டும்தான் செய்யும்."

"இந்தக் கண்ணு இல்ல" என்றாள் செல்வமீனா மடியிலிருந்து.

வசுமதி இடது கண்ணை அழித்தார். அழியும்போது அவருடைய கண் கூசியது.

"ரெண்டும் இல்ல. இங்கேர்ந்து கண்ணே தெரியாது. மேல எங்கயோ பாத்துட்டு இருப்பாங்க."

இரண்டாவதும் போனது.

"நெத்தி?" என்று கேட்டார் வசுமதி.

"அங்க நெத்தி இல்ல. வெளிச்சம்தான். கூரையில ஒரு ஓடு கண்ணாடியா இருக்கும்."

மடிப்பு போகவில்லை. அழுத்தித் தேய்த்தார். போனது.

"உதடு இவ்வளவு கெட்டியா இருக்காது. காதும் இல்ல. இருங்க, காது இருக்கட்டும். தோடு இல்லாத காது. தாடைக்கு அடியில ஒரு நிழல் இருக்கும், அதை விட்டுடுங்க."

"கோபம்?"

"கோபமெல்லாம் தெரியாது. வெத்தலை மெல்லுவாங்க. தாடை அசையும். நான் அதையே பாத்துட்டுத் தூங்கிடுவேன்."

வசுமதி ஆயுளில் வெற்றிலை போட்டதில்லை. இருந்தும் நாக்கில் சுண்ணாம்பின் காரம் ஏறியது. கையை மேலும் மெதுவாக ஓட்டினார். மடியில் இருந்தவளின் குரல் போகப்போகச் சின்னதாகிக்கொண்டே வந்தது. இல்ல. இதுவும் இல்ல. இல்ல.

பிறகு குரல் வரவில்லை.

தூங்கிவிட்டாளோ என்று வசுமதி குனிந்தார். செல்வமீனாவின் கண் திறந்துதான் இருந்தது. அது வசுமதியைப் பார்க்கவில்லை.

"போதும்" என்றாள்.

எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் போனாள். முழுக்க வெளிச்சம். அதற்குக் கீழே ஒரு தாடை, ஒரு காது, கழுத்து முடியும் இடத்தில் கொஞ்சம் இருட்டு. வேறொன்றும் இல்லை. அவள் விரலின் பின்புறத்தால் அந்தத் தாடையைத் தொட்டாள். வெகுநேரம் தொட்டபடியே நின்றாள்.

"பிரிண்ட் போட்டுடுங்க" என்றாள். வசுமதியைத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

கீழே யாரோ மறுபடி முடுக்க, இயந்திரம் விட்ட இடத்திலிருந்து அந்தப் பாதி முகத்தைத் தொடர்ந்தது.

"என்ன ஜெனி இது" என்றார் வசுமதி. குரலில் பழைய சூடு கொஞ்சம் திரும்பியிருந்தது. "கண்ணு இல்ல, நெத்தி இல்ல. மணமேடைல கொண்டுபோய் வெச்சா நாலு பேர் கேக்க மாட்டாங்களா, இது யாருன்னு?"

"கேப்பாங்க."

"ரஃப்புல இருந்ததுகூட இதுல இல்ல. இதைப் போய் முடிஞ்ச படம்னு எப்படிச் சொல்றது?"

ஜெனிட்டா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டாள்.

"இன்னும் எங்கயாவது நீங்க இருக்கீங்களான்னு பாருங்க, தோழர். இருந்தா அதையும் அழிச்சிடலாம்."

வசுமதி திரையை நோக்கிக் குனிந்து தேடினார். பேனாவை எடுக்கவில்லை.