நாரை எச்சத்துக்கு உபயதாரர்

ஒரு காலத்தில் மருதவேலி நாட்டைப் பூவராகன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் போட்ட உத்தரவை மத்தியானச் சாப்பாட்டுக்குள் மறந்துவிடுகிற ராஜா.

அவர் சபையில் வணிகர் குழுத் தலைவர் தில்லைநாயகத்துக்கு ஒரே ஆசை, தர்மவான் என்று பேர் வாங்க வேண்டும். நாரை ஏரியைக் காக்கவும் கூத்துக்கலையை வளர்க்கவும் குழுவின் சார்பில் அள்ளிக் கொடுத்தார். கொடுத்த கையோடு ஏரிக்கரை மருதமரங்கள் நாற்பதிலும் 'உபயம்: தில்லைநாயகம்' என்று பலகை அடித்தார். அகப்பட்ட நாரைகளின் கழுத்திலும் கட்டினார். கூத்தில் சாகிற வீரன்கூட, "இந்தச் சாவு தில்லைநாயகம் உபயம்" என்று சொல்லிவிட்டுத்தான் சாக வேண்டும்.

அதோடு விட்டாரா? மரங்களைக் காத்ததைக் கொண்டாட விழா மண்டபம் கட்டப்போகிறாராம். மண்டபத்துக்கு மரம்? அந்த நாற்பது மரங்கள்தான்! ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

கூத்தில் கட்டியம் கூறும் கோமாளி சடையாண்டிக்கு இது பொறுக்கவில்லை. மரம் போனால் கூடும் குஞ்சும் போகுமே! சபைக்கு ஓடிவந்து விழுந்து கும்பிட்டான்.

"மகாராஜா, வெட்டுறதுக்கு முன்னாடி அந்த மரத்தடியில எங்க கூத்தைப் பார்க்கணும். தில்லைநாயகம் ஐயா, அங்க எதெதுக்கு உங்க பேரைச் சொல்லணும்?"

"மரத்திலிருந்து எது விழுந்தாலும் என் உபயம்தான். ஒன்றுவிடாமல் கூவு!"

சாயங்காலம் பெரிய மருதமரத்தடியில் ராஜாவுக்கு ஆசனம் போட்டான். கூத்து தொடங்கியது. ஓர் இலை விழுந்தது.

"இலை! உபயம், தில்லைநாயகம் ஐயா!"

ஒரு சுள்ளி விழுந்தது. அதற்கும் கூவினான். தில்லைநாயகம் மீசையை முறுக்கிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, வயிறுமுட்ட மீன் தின்ற நாரைகள் கூடு திரும்பின. ராஜாவின் மகுடத்தில் பொத்தென்று ஒன்று விழுந்து தலைமுடிவரை வழிந்தது.

"மகாராஜா தலையில எச்சம்! உபயம், தில்லைநாயகம் ஐயா!"

ராஜா எழுந்தார். "என் மகுடத்தை அசிங்கப்படுத்தியவன் தலை தப்பாது, தெரியுமா?"

தில்லைநாயகம் தடாலென்று காலில் விழுந்தார். "ஐயோ, அது என்னுடையதில்லை மகாராஜா! நாரையுடையது!"

"நாரை உங்களுதாச்சே ஐயா?" என்றான் சடையாண்டி.

"இல்லவே இல்லை! நாரை யாருக்கும் சொந்தமில்லை!"

"மரம்?"

"மரமும் நாரைகளின் வீடுதான்!"

"அடுத்தவங்க வீட்டை இடிச்சா மண்டபம் கட்டுவீங்க?"

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். மேலே பார்த்துச் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். முத்துமாலையைக் கழற்றிச் சடையாண்டிக்குப் போட்டார். "மரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. ஆணிகளைத் தில்லைநாயகமே பிடுங்கட்டும். கொடை தொடரட்டும், பேர் வேண்டாம்!"

மறுநாள் சபையில் தில்லைநாயகம் முனகினார். "பேரில்லாமல் கொடுத்தால், கொடுத்தது நான்தான் என்று யாருக்குத் தெரியும் மகாராஜா?"

ராஜா தலையைத் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார்.

"எனக்குத் தெரியும் ஓய். மூன்று முறை எண்ணெய் தேய்த்துக் குளித்தும் போகவில்லை."