படி எடுத்த வாசல்

"அம்மா, இந்த வாசலுக்குப் படியைத் திரும்ப வச்சிருதேன்" என்றார் நல்லபெருமாள்.

உலகம்மை ஈரப் பாயைப் பிழிந்துகொண்டிருந்தார். நல்லபெருமாளைவிட இருபது வயது இளையவர். மலையடிவாரத்தில் அந்தச் சின்ன மடத்தை நடத்திவந்தார். கேள்வியோடு வருகிறவர்களுக்குப் பதிலும் பசியோடு வருகிறவர்களுக்குக் கஞ்சியும் கிடைக்கும். கஞ்சிக்கு வருகிறவர்கள்தான் அதிகம்.

"ஏன்?"

"பாத்தீங்கள்லா. சாரல் தொடங்கின முதல் நாளே கூடம் பூரா தண்ணி."

படியை எடுத்ததும், மடத்தில் கல் வேலை, மண் வேலை எல்லாம் பார்க்கிற இதே நல்லபெருமாள்தான். சக்கர நாற்காலியில் வரும் ஆதிமூலத்தைத் தினமும் இரண்டு பேர் தூக்கி உள்ளே வைக்க வேண்டியிருந்தது. தூக்கும்போது ஆதிமூலம் கண்ணை இறுக்க மூடிக்கொள்வான். அதைப் பார்க்கச் சகிக்காமல், கோடையில் இவர் படியைப் பெயர்த்து, கூடத்தையும் முற்றத்தையும் ஒரே மட்டமாக்கிவிட்டார்.

அன்றைக்கு ஆதிமூலம் தானே உருட்டிக்கொண்டு உள்ளே வந்தான். வந்தவன் சும்மா இருக்கவில்லை. வெளியே போனான், உள்ளே வந்தான், மறுபடி வெளியே போனான். கஞ்சி ஆறிப்போகிறது என்று கூப்பிட்ட பிறகுதான் நிறுத்தினான்.

"தண்ணி மட்டுந்தானா?" என்று கேட்டார் உலகம்மை.

நல்லபெருமாள் எங்கேயோ பார்த்தார்.

"அந்த ஆதிமூலம் என்ன சொன்னான் தெரியுமா? 'அண்ணாச்சியை வாசல் வைக்கச் சொன்னா மதகைத் திறந்து விட்டிருக்காரு'ங்கான். அத்தனை பேரும் சிரிச்சாங்க. அவனுக்காகத்தானே செஞ்சேன்? நேத்துலேருந்து நெஞ்சுக்குள்ளயே நிக்குது."

"சரி. படியை வைங்க. ஆதிமூலத்துக்கிட்ட நீங்களே சொல்லிருங்க."

நல்லபெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

உலகம்மை ஒரு குடம் தண்ணீரை முற்றத்தில் கவிழ்த்தார்.

"உள்ளே வராம நிறுத்துங்க."

நல்லபெருமாள் தோள் துண்டை வாசலில் போட்டார். தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு வந்தது. துடைப்பத்தால் தள்ளினார். போன தண்ணீர் போன வேகத்தில் திரும்பியது. கடைசியில் வாசலை அடைத்துக் காலை நீட்டி உட்கார்ந்தார். தண்ணீர் அவருக்கு அடியில் புகுந்து கூடத்துக்குப் போய்விட்டது. வேட்டி நனைந்ததுதான் மிச்சம்.

உலகம்மை கடப்பாரையை எடுத்தார். வாசலுக்கு வெளியே, வாசல் அகலத்துக்கு, ஒரு வரிசைக் கல்லைப் பெயர்த்தார். இன்னொரு குடத்தைக் கவிழ்த்தார்.

தண்ணீர் ஓடிவந்தது. பள்ளத்தில் விழுந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"அப்போ படி?"

"பள்ளம் போதாதா?"

நல்லபெருமாள் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேலையில் இறங்கினார். அதை வாய்க்காலாக்கி வாழைத் தோட்டத்துக்கு இழுத்துவிட்டார். சக்கரம் சிக்காதபடி மேலே நெருக்கமாக இரும்புக் கம்பிகளை வரிசையாகப் பதித்தார். ஆதிமூலத்தின் நாற்காலி அதன்மேல் கடகடவென்று உருண்டு உள்ளே வந்தது.

எல்லாம் சரி. ஆனால் வாசலில் வெறும் கம்பி தெரிந்தது அவர் கண்ணை உறுத்தியது. மனுஷர் சும்மா இருப்பாரா? டவுனுக்குப் போய் 'நல்வரவு' என்று எழுதிய கயிற்று மிதியடி ஒன்றை வாங்கிவந்து, கம்பிகள் துளியும் தெரியாதபடி விரித்து வைத்தார்.

அடுத்த சாரல் வந்தது. முற்றத்துத் தண்ணீர் நேராக வந்து, நல்வரவின்மேல் ஏறி, கூடத்துக்குள் நுழைந்தது.

ஆதிமூலம் நாற்காலியிலிருந்து குனிந்து பார்த்தான்.

"எழுதிவச்சுக் கூப்பிட்டிருக்கீங்களே அண்ணாச்சி. வராம இருந்தா மரியாதையா இருக்குமா?"

கூடமே சிரித்தது.

நல்லபெருமாளின் முகம் கடுத்தது. விறுவிறுவென்று போய் மிதியடியை உருவினார்.

தண்ணீர் கம்பிகளுக்கு நடுவே சலசலவென்று இறங்கி வாழைப் பக்கம் ஓடியது.

அவர் மிதியடியைக் கையில் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, இறங்கிக்கொண்டே இருந்தது.

திடீரென்று அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார். சொட்டச் சொட்ட அந்த மிதியடியை ஆதிமூலத்தின் மடியில் போட்டார்.

"நீயே வச்சுக்கடே."

உலகம்மை கேட்டார்: "கோவம் வரலியா?"

"வந்துச்சும்மா. வாசல் வரைக்கும் வந்துச்சு."