பஞ்சில் விழுந்த காலடி

கல் உடைக்கும் குன்றின் அடிவாரத்தில், காய்ந்த புல்காட்டுக்குள், ஒரு கௌதாரி ஏழு முட்டைகளை அடைகாத்து வந்தது. அதற்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். எறும்புகள் வரிசையாகப் போனால்கூட, எதற்கு இத்தனை பேர் சேர்ந்து போகிறார்கள் என்று கழுத்தை நீட்டிப் பார்க்கும்.

அந்தப் புல்காட்டில் ஒரே மாதத்தில் இரண்டு தடவை தீப்பிடித்திருந்தது. இரண்டு தடவையும் புகைக்குப் பக்கத்தில் நரி நின்றதை அணில் மரத்திலிருந்து பார்த்தது. பார்த்ததை அது மனசுக்குள் வைத்துக்கொள்ளுமா? பொழுது சாய்வதற்குள் காடு முழுக்கச் சொல்லிவிட்டது. நரிதான் தீ வைக்கிறது, தாய்ப்பறவைகள் பயந்து பறந்ததும் முட்டைகளைத் தின்னப் பார்க்கிறது என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். நரியின் வளையும் அதே புல்லுக்குள்தான் இருந்தது. அதில் கண் திறக்காத மூன்று குட்டிகள் கிடந்தன. அதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அணிலும் கௌதாரியும் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தன. கோடையில் இலவங்காய்கள் வெடித்து, மரத்தடியெல்லாம் பஞ்சு கொட்டிக் கிடந்தது. அதைக் கொண்டுவந்து கூட்டைச் சுற்றி வட்டமாகப் பரப்பின. எந்தத் திருடன் வந்தாலும் பஞ்சில் காலடி பதியும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்பது திட்டம்.

மறுநாள் காலையில் நரி அந்தப் பக்கமாக வந்தது. பஞ்சைக் கண்டதும் தூரத்திலேயே நின்றுவிட்டது.

"தாயி, இந்தப் பஞ்சை எடுத்துரு. குன்று மேல பட்டறையில கொல்லர் கல்லுடைக்கிற உளிக்கு முனை அடிக்கிறாரு. இரும்புப் பொறி தெறிச்சு இங்க வரைக்கும் வருது."

"எதுக்கு எடுக்கணும்? உன் காலடி பதிஞ்சிரும்னு பயமா?" என்றது கௌதாரி.

நரி பொறுமையாகத்தான் சொன்னது. "செவப்பாப் பறக்கிற பொடிப் பொறியெல்லாம் வழியிலயே அவிஞ்சிரும். கொஞ்சம் பெருசா, கறுத்துப்போயி ஒண்ணு விழும். அதுதான் மோசம். வெளியில கறுப்பு, உள்ள சூடு. வெறும் மண்ணுல விழுந்தா ஆறிப்போயிரும். பஞ்சுல விழுந்தா கமுக்கமாக் கனிஞ்சுக்கிட்டே இருந்து, காத்து அடிச்சதும் பத்திக்கும்."

அப்படி ஒன்றைத் தானே மிதித்துவிட்டதாகச் சொல்லி, புண்ணாகியிருந்த முன்னங்காலைத் தூக்கிக் காட்டியது. அணிலுக்கு அது போதாதா?

"கால் சுட்டிருக்கு பாத்தியா அக்கா? தீயைத் தூக்கிட்டு வந்தவனுக்குத்தானே கால் சுடும்!"

நரி நொண்டிக்கொண்டே போய்விட்டது.

மத்தியானம் பட்டறையில் சம்மட்டிச் சத்தம் கேட்டது. கௌதாரி தலையைத் தூக்கிப் பார்த்தது. சிவப்புப் பொறிகள் கிளம்பின. பாதி வழி வருவதற்குள் ஒவ்வொன்றாக அவிந்தன. நரி சொன்னது சுத்தப் பொய் என்று அதற்குத் திருப்தியாகிவிட்டது. அப்போது கேழ்வரகு அளவில் கறுப்பாக ஒன்று பஞ்சில் விழுந்தது. ஏதோ விதை என்று நினைத்து, நரி வரும் பாதையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால், பஞ்சில் பழுப்பாக ஒரு குழி. தீயும் இல்லை, சொல்லும்படி புகையும் இல்லை. கௌதாரி, காலடி பதிந்துவிட்டது என்று அணிலைக் கூப்பிட்டது.

அணில் இறங்கி வந்து பார்த்தது. "ஒத்தைக் காலடிதானேக்கா இருக்கு?"

"நொண்டிக்கிட்டு ஒத்தைக் காலை மட்டும் வச்சிருப்பான்!"

இரண்டும் நரியைத் தேடிப் புதர் புதராக அலைந்தன. திரும்பி வந்தபோது குழி இரண்டு மடங்காகியிருந்தது.

"காலடி எப்படிக்கா வளரும்?" என்று அணில் கேட்டது. கௌதாரி பதில் சொல்வதற்குள் காற்று வீசியது. பஞ்சு குப்பென்று பற்றிக்கொண்டது.

நரி வளையிலிருந்து பாய்ந்து வந்தது. கூட்டை நோக்கி அது வருவதைப் பார்த்த கௌதாரி, முட்டைக்குத்தான் வருகிறது என்று அதன் முகத்தில் பாய்ந்து கொத்தியது. நரி பின்வாங்கியது. மறுபடி வந்தது, மறுபடியும் கொத்து வாங்கியது. அதற்குள் தீ கூட்டின் ஓரத்தைத் தொட்டுவிட்டது. பிறகு நரி கொத்தைப் பொருட்படுத்தவில்லை. எரியும் பஞ்சைக் காலால் பிராண்டித் தள்ளி, மண்ணை வாரி இறைத்துத் தீயை அணைத்தது.

ஓரத்தில் இருந்த இரண்டு முட்டைகள் கருகிப் போயிருந்தன. கௌதாரி அவற்றை அலகால் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதது. நரியோடு சண்டை போட்ட நேரத்தில்தான் அந்த இரண்டும் எரிந்தன என்று அதற்குத் தெரியும்.

பிறகு, பழக்க தோஷத்தில், சாம்பலில் பதிந்திருந்த காலடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது. கூட்டைச் சுற்றிச் சுற்றி நரியின் காலடிதான். ஒன்றுகூட முட்டைகளின் பக்கம் போகவில்லை.

"இத்தனை கொத்தியும் ஏன் வந்தீங்க?" என்று மெல்லக் கேட்டது.

நரி காலை நக்கிக்கொண்டே, "காத்து என் வளைப் பக்கமா அடிச்சுது தாயி. உள்ள பிள்ளைங்க இருக்கு," என்றது.

ஒருவர் மேல் கொண்ட சந்தேகம் கண்ணை மறைத்தால், நம் வாசலில் விழுந்த நெருப்புகூட அவருடைய காலடியாகத்தான் தெரியும்.