பட்டுக் கயிறு கட்டிய மணல் மூட்டை

வேங்கைமலை நாட்டு ராஜா சுந்தரவேளுக்கு நல்ல மனசு. ஆனால் யாராவது மீசையை முறுக்கிக்கொண்டு யோசனை சொன்னால் போதும், உடனே தலையாட்டிவிடுவார். அவர் ஒரு படைப்பள்ளி நடத்திவந்தார். ஏழைப் பிள்ளைகளுக்கு அங்கே சோறு, துணி, ஆயுதம் எல்லாம் அரண்மனைச் செலவு. பதிலுக்கு அவர்கள் வில், குதிரை, நீச்சல் என்று எல்லாப் பயிற்சியையும் முடித்துப் படையில் சேரவேண்டும். இதற்கு வீரமானியம் என்று பெயர்.

அந்த மானியத்தில் சேர்ந்தவன் சங்கிலிமுத்து. ஆள் படு ஒல்லி. பலமாகக் காற்றடித்தால் தூணைத் தேடுவான். ஆனால் வில்லை எடுத்தால் குறி தப்பாது. தளவாய் மார்த்தாண்டருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. தம் மைத்துனர் மகனைப் பள்ளியில் நுழைக்க அவருக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. அந்தத் தடியனுக்கோ மூட்டை தூக்குவதைத் தவிர வேறொன்றும் வராது.

ஒருநாள் சபையில் தளவாய் மீசையை முறுக்கினார்.

"மகாராஜா! பையன்கள் தின்றுவிட்டுத் தூங்குகிறார்கள். வரும் வெள்ளிக்கிழமை முதல் பள்ளிச் சோற்றைத் தின்றவர்கள் மணல் மூட்டையோடு காக்கைக்குன்றின் உச்சிக்கு ஓடவேண்டும். ஓட முடியாதவருக்குப் பள்ளியில் வேலையில்லை!"

சபையில் வேடிக்கை பேசியே காலம் தள்ளுபவர் நல்லபெருமாள். அவர் மெல்ல எழுந்தார்.

"தின்றவர் யாராயிருந்தாலுமா, தளவாயாரே?"

"யாராயிருந்தாலும்தான்!"

ராஜா தலையாட்டினார். அப்படியே ஊரெங்கும் முரசு அறைந்தாயிற்று.

அன்று சாயங்காலமே சங்கிலிமுத்து நல்லபெருமாள் வீட்டு வாசலில் வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது.

"ஐயா, அந்த மூட்டை என்னைவிடக் கனம். திருப்பி அனுப்பிட்டா ஊருக்குள்ள எந்த மூஞ்சியோட போவேன்? எங்கம்மா நான் ஏற்கெனவே சேனாதிபதி ஆயிட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காங்க!"

"அடப்பாவமே! சரி, வெள்ளிக்கிழமை பள்ளியில் என்ன சமையல்?"

"மிளகுப் பொங்கலுங்க. நெய் சொட்டும். மகாராஜாவுக்கு வெள்ளிக் கிண்ணத்துல போகும். முதல்ல தளவாய் ஐயா ருசி பாக்கணும், அது பள்ளி வழக்கம். அவரு பாத்து முடிக்கிறதுக்குள்ள பாதிப் பானை காலி."

நல்லபெருமாள் வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தார். "போய் நிம்மதியாகத் தூங்கு."

வெள்ளிக்கிழமை வந்தது. எல்லோரும் பொங்கலை ஒரு கை பார்த்துவிட்டுக் குன்றடியில் கூடினார்கள். சங்கிலிமுத்து தோளில் வில்லோடு மூட்டைக்கு முன்னால் நின்றான். அப்போது நல்லபெருமாளின் மாட்டுவண்டி வந்து நின்றது. வண்டியில் இரண்டு மூட்டைகள். ஒன்றைத் தளவாயின் காலடியில் இறக்கச் சொன்னார். பட்டுக் கயிறு கட்டி மாலை போட்ட இன்னொன்றை ராஜாவின் முன்னால் வைத்துக் கும்பிட்டார்.

"என்ன இது?" என்றார் ராஜா.

"தங்கள் மூட்டை, மகாராஜா. காலையில் வெள்ளிக் கிண்ணம் வந்ததே?"

ராஜாவின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! தளவாய் குதித்தார்.

"நான் உப்புத்தானே பார்த்தேன்!"

"பானையின் அடி தெரியும்வரை பார்த்தீர்களாமே? யாராயிருந்தாலும் என்று சொன்னவரும் தாங்கள்தான்."

ராஜா ஒரு முறை குன்றைப் பார்த்தார். பிறகு தம் தொப்பையைப் பார்த்தார். "தளவாயாரே, யோசனை உம்முடையது. நீர் முதலில் ஓடிக் காட்டும். பிறகு நான் வருகிறேன்."

வேறு வழி? தளவாய் மூட்டையைத் தோளில் ஏற்றினார். நாலு எட்டு வைத்தார். அதோடு சரி. அவர் கீழே, மூட்டை மேலே.

"ஐயோ, எடுங்கள்! யாராவது எடுங்கள்!"

காவலர்கள் அசைவதற்குள் சங்கிலிமுத்துவின் அம்பு பறந்தது. மூட்டையின் முடிச்சு மட்டும் அறுந்தது. மணல் சரசரவென்று கொட்டியது. தளவாய் மீசையெல்லாம் மண்ணாக ஊர்ந்து வெளியே வந்தார்.

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"தம்பி, பழைய பயிற்சியெல்லாம் முடித்துவிட்டாயா?"

"முடிச்சிட்டேன் மகாராஜா!"

"அப்படியானால் நீ படைக்கு வந்தாயிற்று. மூட்டை ஆணை இன்றோடு ரத்து! இனிமேல் புதுப் பயிற்சி எதுவானாலும் முதலில் தளவாய் செய்து காட்டவேண்டும்."

சங்கிலிமுத்து தடாலென்று காலில் விழுந்தான். ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி நல்லபெருமாளின் கழுத்தில் போட்டார். போட்டவர் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"நல்லபெருமாளே, உம் தாடியில் என்ன ஒட்டியிருக்கிறது?"

"மிளகு, மகாராஜா."

"எந்தச் சமையற்கட்டு மிளகு?"

நல்லபெருமாள் தாடியைத் துடைத்துக்கொண்டார்.

"பையனுக்காக மட்டுமா இத்தனை பாடுபட்டேன் என்று நினைத்தீர்கள்? வண்டியில் மூன்றாவது மூட்டைக்கு இடமில்லையே, மகாராஜா!"